வாசலில் கொடுக்கும் உப்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். "உன்னைக் கட்டிக்கிறவன் தினமும் பரீட்சை எழுதணும்" என்பான் என் அண்ணன். அப்படிப்பட்டவளை ஒரு விமானக் கம்பெனியில், அதுவும் புது ஊருக்கு விமானம் விடத் திட்டம் போடுகிற பிரிவில், வேலைக்கு எடுத்தது யார் செய்த புண்ணியமோ. 2005-ஆம் வருஷம் அது. சென்னையிலிருந்து ஜப்பானுக்கு நேராக ஒரு விமானம் விடலாம் என்று கம்பெனி நினைத்திருந்தது.

இங்கே ஓர் ஊர், அங்கே ஓர் ஊர், நடுவில் வானம், கிளம்ப வேண்டியதுதானே என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் ஊர் மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் விடவில்லையா? ஆனால் டோக்கியோவில் போய் இறங்குவதற்கு நேரம் கிடைக்கவில்லை என்று மேனேஜர் மாதக்கணக்கில் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வானத்தில் இடமா இல்லை என்று கேட்டேன்.

"வானத்துல இடம் இருக்கும்மா. தரையிலதான் இல்ல" என்றார் அவர். "கோயம்பேட்டுல பஸ் வந்து நிக்கற மாதிரி நெனச்சிக்கோ. முன்னாடி வண்டி கெளம்பினாதான் நம்ம வண்டி உள்ள போகும்."

நல்ல மனிதர். சென்னைக்காரர், பேசும்போது பேனா மூடியைக் கடிப்பார். கேள்வி கேட்டால் கோபம் வராத மேனேஜரை நான் அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவரிடம்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனிகளுக்கு ஜப்பான்காரர்கள் வருகிறார்கள். வேலை முடித்து வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குக் கிளம்ப நினைப்பார்கள், அதனால் வெள்ளிக்கிழமை விமானம் கட்டாயம் வேண்டும். காஞ்சிபுரம் கோயில் பார்க்கக் கூட்டமாக வருபவர்கள் வேறு. இத்தனை பேரும் இப்போது சிங்கப்பூரிலோ பாங்காக்கிலோ இறங்கி வேறு விமானம் ஏறித்தான் வருகிறார்கள். அங்கே அரை நாள் காத்துக்கிடந்தாலும் நல்ல சூப்பும் சுத்தமான கழிப்பறையும் கிடைக்கின்றன.

"அதையெல்லாம் விட்டுட்டு அவங்க ஏன் நம்ம ஃப்ளைட்ல வரணும்?" என்று ஒருநாள் எங்களை உட்காரவைத்துக் கேட்டார் மேனேஜர். "முதல் தடவை ஏறும்போதே, விமானத்து வாசல்லயே, இவங்க வேற மாதிரின்னு தெரியணும். கையில ஒண்ணு குடுக்கணும். சின்னதா, நம்ம ஊரோடதா."

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மல்லிகைப்பூ என்றார் ஒருவர். பூவும் செடியும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். காபிப்பொடி என்றார் இன்னொருவர். அவர்கள் டீ குடிக்கிற ஜாதி. சந்தன சோப்பு என்றதற்கு மேனேஜர் முகத்தைச் சுளித்தார், அது எல்லா ஓட்டல் பாத்ரூமிலும் இருக்கிறதாம். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"உப்பு" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும்தானே எடுத்துப் போகிறோம் என்றேன். உப்பு லட்சுமி. புது ரூட்டும் புது வீடு மாதிரிதான். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் போனால் எங்கள் ஊர் உப்பளம் வந்துவிடும், வெள்ளையாகக் குவித்துக் கிடக்கும், அங்கேயிருந்தே கொண்டு வரலாம். பேசப் பேச எனக்கே அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. மேனேஜர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவர் புது ஃபிளாட்டுக்குப் போன போதும் அவர் மனைவி முதலில் உப்பு ஜாடியைத்தான் தூக்கிப் போனாராம். ஜப்பான்காரர்களுக்கு ஆடம்பரம் பிடிக்காது, எளிமைதான் பிடிக்கும் என்று அவர் எங்கேயோ படித்திருந்தார். அதனால் எழுத்து, படம் எதுவும் இல்லாத வெள்ளைக் காகிதம், கையால் மடித்த சின்னப் பொட்டலம், உள்ளே ஒரு சிட்டிகை கல்லுப்பு என்று முடிவாயிற்று. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் தமிழர்கள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

சனிக்கிழமையே பஸ் பிடித்து ஊருக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த உப்புப் பாத்திகளில் கூலி ஆட்களோடு கூலி ஆளாக நின்று உப்பு வாருபவள் அவள். அதற்கு முந்தின டிசம்பரில் வந்த சுனாமி அலை பாத்திகளில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அதை வாரிக் கொட்டி வரப்பு கட்டியதிலும் அவள் பங்குதான் அதிகம். உப்புத்தண்ணீரில் நின்று நின்று அவள் பாதங்களில் வெடிப்பு வந்து, வெடிப்புக்குள் உப்பு போய், ராத்திரியில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சரி, மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லையே, கால் ஆறுமே என்றால் அதுவும் கிடையாது. மழை பிடித்தால் உப்பு இல்லை, உப்பு இல்லையென்றால் வருமானம் இல்லை. அந்த மாதங்களில் எறா ஷெட்டுக்கு, இறால் உரிக்கிற வேலைக்கு, போவாள். அங்கே காலடியில் ஐஸ் தண்ணீர். வெயில் காலத்தில் உப்பு தின்ற காலை மழைக்காலத்தில் ஐஸ் தின்றது.

நான் சொல்லி முடித்ததும் அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மடிக்கிற வேலைய மழையில செய்யலாமா?"

"வீட்டுக்குள்ள ஒக்காந்து செய்யலாம் அண்ணி. ரூட்டு தொடங்கறதே மழைக்காலத்துலதான்."

"அப்போ மூணு மாசம் காலு தண்ணியில படாது" என்றாள். ஜப்பான் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவள் கேட்கவில்லை. அவளோடு எறா ஷெட்டுக்குப் போகிற ஏழெட்டுப் பெண்களுக்கு மறுநாளே விஷயம் தெரிந்துவிட்டது.

அண்ணி எங்கள் தெருக் கோயிலில் விபூதிப் பொட்டலம் மடிக்கிற மாதிரியே மடித்தாள். ஒரு பக்கத்தை மடக்கி, இன்னொரு பக்கத்தை அதற்குள் செருகிவிட்டால் உதறினாலும் சிந்தாது, பசை வேண்டாம். அவளும் அந்தப் பெண்களுமாக மாதிரிக்கு ஒரு முறம் நிறைய மடித்து வைத்தார்கள். மடித்த பொட்டலத்தை யாரும் யார் கையிலும் கொடுக்கவில்லை. உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கீழே வைப்பார்கள், அடுத்தவள் எடுத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை விமானம் பற்றித்தான் தகராறு வந்தது.

"வெள்ளிக்கெழம வெளக்கு வச்சதுக்கு அப்புறம் உப்ப வெளியில குடுக்கறதா? லட்சுமிய வழியனுப்பற மாதிரி."

"அது ராத்திரி பதினொரு மணி ஃப்ளைட்டு அண்ணி. அவங்க ஊர்ல அப்போ சனிக்கெழம பொறந்திருக்கும்."

"சனிக்கெழம மட்டும் ரொம்ப நல்ல நாளோ?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பிறகு விமானப் பணிப்பெண் கையில் கொடுக்காமல் தட்டில் வைத்து நீட்டினால் தோஷமில்லை என்று அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். வேலை வேண்டும் என்றால் சாஸ்திரம் கொஞ்சம் நகர்ந்து உட்காரும்.

ஆகஸ்டில் டோக்கியோவிலிருந்து எங்கள் கம்பெனியின் விற்பனை அதிகாரி வந்தார். ஜப்பான்காரர், ஐம்பது வயதிருக்கும், முழுக்கைச் சட்டை, கையில் மடித்த கைக்குட்டை. ஜப்பானில் டிக்கெட் விற்கப்போவது அவர்தான், அதனால் அவர் தலையாட்டாமல் எதுவும் நடக்காது. வாசலில் கொடுக்கப்போவது உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓர் ஆச்சரியம் என்று மட்டும் சொல்லி, அவரை மரக்காணத்துக்கு என்னோடு அனுப்பிவைத்தார் மேனேஜர்.

கேள்வி கேட்பதில் எனக்கு ஜோடி அன்றைக்குத்தான் கிடைத்தது. கார் கதவைத் திறந்ததிலிருந்து அவர் நிறுத்தவில்லை. அந்தப் பாத்தியில் மட்டும் தண்ணீர் ஏன் சிவப்பாக இருக்கிறது? பெண்கள் ஏன் பின்பக்கமாக நடந்து வாருகிறார்கள்? குவியல்மேல் ஏன் ஓலை போட்டிருக்கிறது? ஆங்கிலத்தில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துக் கேட்பார். பதில் சொன்னால் தலையைக் குனிந்து நன்றி சொல்வார். நானும் விடவில்லை. உங்கள் ஊரில் உப்பளம் உண்டா? மழை நாளில் என்ன செய்வார்கள்? வரப்பில் ஷூவோடு ஏறியவர், பெண்கள் வெறுங்காலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தானும் கழற்றினார். இரண்டடி வைத்ததும் சூடு தாங்காமல் குதித்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"யோவ் பாத்துப்பா, உழுந்துடப்போறாரு" என்று அண்ணனிடம் யாரோ சொன்னார்கள்.

பிறகு எங்கள் வீட்டு நடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். இளநீர் குடித்தார். அண்ணி முறத்தைக் கொண்டு வந்தாள். புடவை மாற்றி, பூ வைத்திருந்தாள். பெண்கள் எல்லோரும் சுவர் ஓரமாக நின்றார்கள். அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, குனிந்தார். அவர்கள் ஊர் மரியாதை அது. அண்ணி சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டாள். கையில் எப்படிக் கொடுப்பது? ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் முன்னாலிருந்த ஸ்டூலில் வைத்தாள். நீட்டிய கை நீட்டியபடி அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்படியா, அப்படியா என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டே ஸ்டூலிலிருந்து பொட்டலத்தை எடுத்தார்.

எடுத்ததும் முகம் மாறியது. திருப்பிப் பார்த்தார். விரலால் அழுத்தினார்.

உள்ளே உப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதைத்தான் கொடுக்கப்போகிறீர்களா என்றார். ஆமாம், விமானத்தின் வாசலில், உள்ளே நுழையும்போது என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு யாரையும் புண்படுத்தாமல் பேச வேண்டும், அதனால் பேச்சு வர நேரமாயிற்று.

எங்கள் ஊரில் சாவுக்குப் போனால் இதைக் கொடுப்பார்கள் என்றார். சின்ன வெள்ளைப் பொட்டலத்தில் உப்பு. வீட்டுக்குத் திரும்பியதும் உள்ளே நுழைவதற்கு முன் வாசலிலேயே பிரித்து மேலே தூவிக்கொள்ள வேண்டும், சாவுத் தீட்டு வீட்டுக்குள் வராமல் இருக்க. உப்பு எங்களுக்கும் நல்லதுதான். ஆனால் வாசலில், இந்த மாதிரிப் பொட்டலத்தில் தந்தால், விமானம் ஏறுகிற அத்தனை பேருக்கும் ஒரே ஒரு நினைப்புதான் வரும்.

ஆகாயத்தில் ஏறப்போகிறவன் கையில் சாவுப் பொட்டலம். நல்ல வேளை, மேனேஜர் அங்கே இல்லை.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றாள் அண்ணி.

மறைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் அத்தனை பேர் முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னேன். சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தி "அய்யய்யோ" என்று மெல்லச் சொன்னாள். அண்ணி மட்டும் அசையவில்லை. அவள் முறத்தைப் பார்த்தாள், பிறகு அந்த மனிதரைப் பார்த்தாள்.

"தலையில போட்டுக்குவாங்களா, தோள்லயா?"

கேட்டேன். நெஞ்சில், முதுகில், காலில் என்று தொட்டுக் காட்டினார்.

"இவரு போட்டுக்கிட்டிருக்காரா?"

போன மாதம் என்றார். அவருடைய அப்பா. தகனம் முடிந்து வந்தபோது வாசலில் நின்று தானே பிரித்துப் போட்டுக்கொண்டாராம். நான் அதைச் சொன்னதும் அண்ணி தலையில் வைத்திருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி. பிறகு அவள் சொன்னதை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

"நம்மளுந்தான் பொதைக்கிற குழியில உப்பு கொட்றோம். அதுக்குன்னு கொழம்புல போடாமயா இருக்கறோம்? கேளு அவர."

கேட்டேன். அவர் அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். போடுகிறோம், சோற்று உருண்டைக்கு நாங்களும் உப்புதான் போடுகிறோம் என்றார். சிரித்துக்கொண்டே வழியும் சொன்னார். வாசலில் வேண்டாம், கையில் வேண்டாம், வெள்ளைப் பொட்டலம் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டில், சோற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். தட்டில் இருந்தால் அது சாப்பாடு. மரக்காணம் கடல் உப்பு என்று பெயர் போட்டு வையுங்கள், எங்கள் ஆட்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

"தட்டுல வச்சா கையில குடுக்கற தோஷமும் இல்ல" என்றாள் அண்ணி. பெண்களுக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். வெள்ளைக் காகிதத்துக்குப் பதில் வண்ணக் காகிதம், அவ்வளவுதானே என்று நினைத்தோம்.

கிளம்பும்போது அண்ணி அவரிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி கேட்டாள். அந்தச் சாவுப் பொட்டலத்தை அவர்கள் ஊரில் யார் மடிக்கிறார்கள்? அவர் காருக்குள் ஏறப்போனவர் நின்றுவிட்டார். எத்தனையோ பொட்டலம் பிரித்திருக்கிறேன், யார் மடித்தது என்று ஒருநாளும் நினைத்ததில்லை என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

மேனேஜருக்குத் தட்டு யோசனை வாசல் யோசனையைவிடப் பிடித்துவிட்டது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, விமானத்துக்குச் சாப்பாடு செய்கிற கிச்சன்காரர்கள் கூட்டத்துக்கு வரும் வரை. தட்டில் வைத்தால் அது உணவு என்றார்கள். உணவு என்றால் கை படக்கூடாது. மெஷினில் அடைத்து ஒட்டிய பாக்கெட்தான் விமானத்துக்குள் வரும், காகிதத்தில் மடித்ததை விடமாட்டோம். அதுதான் விதி. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். கையுறை போட்டு மடிப்பார்கள் என்றேன். மேனேஜரும் எனக்காகப் பேசினார், கடைசியில் பேனா மூடியை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மரக்காணம் உப்பு வரலாம், ஆனால் மூட்டையாக வர வேண்டும், அடைப்பது மெஷின். மூட்டையாக அனுப்புவதை எங்கள் ஊர் எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு அண்ணி எதற்கு?

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது? கிச்சன்காரர்கள் சொன்னதில் தப்பு இல்லை. ஜப்பான்காரர் சொன்னதிலும் தப்பு இல்லை. வாசலில் கொடுத்தால் சாவு, தட்டில் வைத்தால் மெஷின். பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது வழி முழுக்க அழுதேன், பக்கத்து சீட்டு அம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டு வாட்டர் பாட்டிலை நீட்டினார்.

அண்ணி கேட்டுக்கொண்டாள். "சரி, சாப்புடு" என்றாள். அக்டோபரில் மழை பிடித்தது. அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது, பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. அண்ணியும் மற்ற பெண்களும் எறா ஷெட்டுக்குப் போனார்கள். ஜப்பான் ரூட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கடைசியில் வேறு ஊரிலிருந்து விடலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அந்த விமானத்தை நான் பார்க்கவே இல்லை.

நவம்பரில் ஒருநாள் அலுவலகத்துக்கு டோக்கியோவிலிருந்து போன் வந்தது. ரூட் விஷயமாகப் பேசிவிட்டு, வைப்பதற்கு முன், உங்கள் அண்ணி கேட்டதை மறக்கவில்லை என்றார் அவர். சாவுச் சாமான் விற்கிற கடையில் போய் விசாரித்தாராம்.

அந்த சனிக்கிழமை நான் போனபோது அண்ணி ஷெட்டிலிருந்து வந்து அடுப்படியில் இருந்தாள். பாதம் வெளுத்து, ஊறி, வெடிப்பெல்லாம் வாய் திறந்து கிடந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதே முறம், அதே பொட்டலங்கள். வீணாக்குவானேன் என்று அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுச் சமையலுக்கு அந்த ஜப்பான் உப்புதான்.

"அண்ணி, அவர் போன் பண்ணாரு. அவங்க ஊர் பொட்டலம் யாரு மடிக்கிறாங்கன்னு கேட்டீங்க இல்ல?"

"ம்."

"மெஷினாம்."

அண்ணி கரண்டியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாவுக்குமா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் முறத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். செருகியிருந்த முனையை இழுத்துப் பிரித்து, உப்பைக் குழம்பில் கொட்டி, காகிதத்தை முழங்காலில் வைத்து நீவி, மடித்து ஓரமாக வைத்தாள்.